கறுப்புப் பட்டும் வெற்று மார்பும்

மதுரைப் புது மண்டபத்தில் பத்து நாயக்கர்கள் நிற்கிறார்கள், விசுவநாத நாயக்கரில் தொடங்கித் திருமலை நாயக்கர் வரை. மண்டபத்தைக் கட்டியவர் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659). வேலை முடிந்தது 1635-ஐ ஒட்டி. சுமார் 330 அடி நீளம், 124 தூண்கள். நடுப்பாதைத் தூண்களில் ஆளுயரத்தையும் மிஞ்சிய அளவில் இந்தப் பத்துப் பேர், கைகூப்பியபடி. பக்கத்தில் கொஞ்சம் சிறிய உருவில் மனைவியர். காதில் நகை, கழுத்தில் பல சரம், தோள்வளை, கைக்காப்பு, இடுப்பில் குறுவாள், தலையில் குல்லாய். ஆனால் ஒருவர்கூடச் சட்டை போடவில்லை.

இதில் என்ன அதிசயம், நம்மூர் வெயிலுக்கு அந்தக் காலத்தில் யார் சட்டை போட்டார்கள் என்று கேட்பீர்கள். மதுரையில் யாரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். எனக்கு அது போதவில்லை. வெயில்தான் காரணம் என்றால் தலையில் அந்தக் கனத்த குல்லாய் எதற்கு? வெயிலுக்குச் சட்டையைக் கழற்றியவர் குல்லாயையும் கழற்றியிருக்க மாட்டாரா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சட்டை போடாத இந்த மன்னர்களின் காலடியில்தான் பல தலைமுறைகளாகத் தையல்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். புது மண்டபம் என்றாலே மதுரைக்காரர்களுக்கு நினைவுக்கு வந்தது தையல் மிஷின் சத்தம்தான். பாத்திரக்கடை, புத்தகக்கடை, வளையல்கடை இவற்றோடு வரிசையாகத் தையல் கடைகள். சாமிக்கு உடை, தேருக்குத் தொம்பை, சித்திரைத் திருவிழாவில் அழகர் வேடம் போடுபவர்களுக்குச் சல்லடம், கச்சை, உருமால் எல்லாம் அங்கே தைப்பார்கள். தைத்தவர்களில் முஸ்லிம்களும் நிறையப் பேர். சில ஆண்டுகளுக்கு முன் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிலைகளைப் பார்க்க வசதியாகிவிட்டது உண்மைதான். எனக்கென்னவோ அந்தத் துணிக்குவியலுக்கு நடுவே பார்த்ததில்தான் அவர்கள் உடுத்தியிருப்பது கண்ணில் பட்டது.

சரி, இந்தச் சிலைகளைத் தனியாகப் பார்க்காமல் அதே ஆண்டுகளில் வேறோர் ஊரில் செய்த உருவங்களோடு வைத்துப் பார்க்கலாம். 1634. ஆம்ஸ்டர்டாம். ரெம்பிராண்ட் என்ற 28 வயது ஓவியர் புதுமணத் தம்பதி ஒன்றை வரைகிறார். கணவன் மார்ட்டன் சோல்மன்ஸ், மனைவி ஓப்யென் கோப்பிட். தனித்தனியாக இரண்டு படம், இரண்டும் தலை முதல் கால் வரை முழு உருவம். அந்த அளவில் தங்களை வரையச் சொல்வது அரச குடும்பங்களின் வழக்கம். மார்ட்டனோ ஒரு சர்க்கரை ஆலைக்காரரின் மகன். 2016-ல் நெதர்லாந்து அரசும் பிரான்ஸ் அரசும் ஆளுக்குப் பாதியாகப் போட்டு இந்த இரண்டையும் 16 கோடி யூரோவுக்கு வாங்கின. முறை வைத்து இரு நாட்டிலும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். கணினியில் பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய படங்களும் கிடைக்கின்றன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது போல் பார்க்கலாம்.

முதல் பார்வைக்கு இரண்டு பேரும் துக்க வீட்டுக்குப் புறப்பட்டவர்கள் மாதிரி இருப்பார்கள். உச்சி முதல் பாதம் வரை கறுப்பு. டச்சு உருவப்படங்கள் பெரும்பாலும் அப்படித்தான். கால்வினியச் சபை எளிமையைப் போதித்தது, பளபளப்பை வெறுத்தது, அதனால் மக்கள் கறுப்பு உடுத்தினார்கள் என்று புத்தகங்களில் படித்திருப்போம். பாதி உண்மை. அந்தக் கறுப்பின் விலையை விசாரித்தால்தான் மீதி தெரியும். செயற்கைச் சாயம் வராத காலத்தில் நல்ல கறுப்பு சுலபத்தில் கிடைக்காது. முதலில் நீலத்தில் முக்க வேண்டும். அதன்மேல் மஞ்சிட்டிச் சிவப்பு. அப்புறம் மாசிக்காயும் இரும்பும் சேர்த்த கரைசல். ஒவ்வொன்றுக்கும் பலமுறை முக்கி, உலர்த்தி, அலச வேண்டும். மலிவான கறுப்பு சில மாதத்தில் செம்பழுப்பாக வெளுத்துவிடும். வெளுக்காத கறுப்பு போட்டிருப்பவன் பணக்காரன். ஊரில் எல்லோருக்கும் அது பார்த்தவுடன் தெரியும். சாயத்துக்கான நீலம் ஐரோப்பியச் செடியிலிருந்தும் வந்தது, நம் அவுரியிலிருந்தும் கப்பலில் போனது.

கழுத்துப் பட்டையைப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஆலைக்கல் அளவுக்கு வட்டமாக, அடுக்கடுக்காக மடித்த வெள்ளைப் பட்டைதான் நாகரிகம். பல மீட்டர் மெல்லிய லினன் துணி, அதற்குக் கஞ்சி போட்டுச் சூடான இரும்புக் கோலால் ஒவ்வொரு மடிப்பாக நிறுத்த வேண்டும். ஒருமுறை போட்டால் கசங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து. அதைக் கழுத்தில் மாட்டியவர் குனிந்து ஒரு வேலையும் செய்ய முடியாது. செய்யத் தேவை இல்லாதவர் என்பதைத்தான் அது சொல்கிறது. மார்ட்டன் காலத்தில் இளசுகள் அதை விட்டுவிட்டுத் தோளில் படிந்து விழும் லேஸ் பட்டைக்கு மாறிவிட்டார்கள். அவருடைய முழங்கால் பட்டியிலும் லேஸ். செருப்பின் மேல் ஒரு தாமரைப்பூ அளவுக்கு லேஸ் பூ! கையால் பின்னும் லேஸ். ஒரு விரற்கடைக்கு எத்தனை நாள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பின்னியிருப்பார்களோ, அது போய்ச் செருப்பில் உட்கார்ந்திருக்கிறது. ஓப்யென் கழுத்தில் பல சரமாக முத்து, கையில் பொற்சங்கிலியில் கோத்த தீக்கோழி இறகு விசிறி.

ஆக, எளிமை என்ற வடிவம் அப்படியே இருக்கிறது. அதற்குள் ஒவ்வோர் அங்குலத்துக்கும் விலை ஒளிந்திருக்கிறது. இதை மனசில் வைத்துக்கொண்டு மதுரைக்குத் திரும்புவோம்.

நாயக்கர் காலத்துத் தமிழ்நாட்டில் தைத்த உடை இல்லாமல் இல்லை. விஜயநகர அரசவையில் நீண்ட அங்கியும் உயரமான கூம்புக் குல்லாயும்தான் சபை உடை. அங்கிக்குப் பெயர் கபாயி, தொப்பிக்குக் குல்லாயி. முதலாவது அரபுச் சொல்லிலிருந்து வந்தது, இரண்டாவது பாரசீகத்திலிருந்து. நாம் இன்றைக்கும் சொல்லும் குல்லா அதே சொல்தான். வடக்கே இருந்த சுல்தான்களின் அரசவை உடையை விஜயநகரத்து இந்து மன்னர்கள் விரும்பி எடுத்துக்கொண்டதைப் பற்றிப் பிலிப் வேகனர் 1996-ல் ஒரு நல்ல கட்டுரை எழுதினார். பெரிய உலகத்தைச் சேர்ந்த அரசன் என்று காட்ட அந்த உடை தேவைப்பட்டது என்பது அவர் வாதம். உடைக்கு மதம் பார்க்காத காலம் ஒன்று இருந்தது என்பதற்காகவே அதைப் படிக்கலாம்.

1590-களின் கடைசியில் செஞ்சிக்கு வந்த பிமென்டா என்ற ஏசுசபைப் பாதிரியார் அங்கே கிருஷ்ணப்ப நாயக்கரைப் பார்த்ததை எழுதியிருக்கிறார். நாயக்கர் பட்டுக் கம்பளத்தில் திண்டு சாய்ந்து இருந்தார், நீண்ட பட்டு அங்கி அணிந்திருந்தார், மார்பு நிறைய முத்தும் மணியும் கோத்த சங்கிலி, உச்சியில் முடிந்த கொண்டையிலும் முத்து. விருந்தாளிக்கு வெற்றிலை கொடுத்தார்கள். இது தமிழ் நாட்டுக்குள், ஒரு நாயக்கர் அவையில், கண்ணால் கண்டவர் சொன்னது. அப்படியானால் நாயக்கர்கள் அங்கி போட்டார்கள். சிலையில்தான் போடவில்லை.

ஏன் என்பதற்குப் பதில் மண்டபம் இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. அவர்கள் நிற்பது கோயிலுக்கு எதிரே. வசந்த உற்சவத்துக்கு மீனாட்சியும் சொக்கரும் எழுந்தருளும் மண்டபம் அது. சாமி முன்னால் நிற்கும்போது மேல்துணியை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வது நம் வழக்கம். இன்றைக்கும் தென்மாவட்டங்களிலும் கேரளத்திலும் பல கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். ஆக மன்னர் இங்கே மன்னராக நிற்கவில்லை, அடியாராக நிற்கிறார். கைகூப்பலும் அதைத்தான் சொல்கிறது. திருப்பதியில் கிருஷ்ணதேவராயரும் இரண்டு தேவியரும் நிற்கும் உலோகச் சிலைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கேயும் இதே ஏற்பாடு. மார்பில் அங்கி இல்லை, கைகள் கூப்பியிருக்கின்றன, தலையில் மட்டும் உயரமான குல்லாய்.

அந்தக் குல்லாய்தான் கெட்டிக்காரத்தனம். அரசவையின் உடையில் பாதியைக் கழற்றிவிட்டுப் பாதியை வைத்துக்கொள்கிறார்கள். அடியார் என்று உடம்பு சொல்கிறது, அரசர் என்று தலை சொல்கிறது. மதுரை வரிசையில் முன்னோர்களுக்கு உயரமான குல்லாய். திருமலை நாயக்கருக்குக் குட்டையாக, ஒரு பக்கமாகச் சரிந்த குல்லாய். நாகரிகம் மாறியிருக்கிறது, அதையும் சிற்பி விடவில்லை. அழகர்கோயில், திருப்பரங்குன்றம் என்று சுற்றுவட்டாரத்தில் திருமலை நாயக்கர் சிலை பல இடத்தில் இருக்கிறது. அவரை அடையாளம் கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகை வேண்டாம். சரிந்த குல்லாயும் தொந்தியும் போதும்.

தொந்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைக்கு யாராவது தம் உருவப்படத்தில் தொந்தியை எடுப்பாகக் காட்டச் சொல்வார்களா? போட்டோ எடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறோம். சிற்பி இங்கே அதைச் சுற்றளவோடு, இடுப்புக் கச்சைக்கு மேல் பிதுங்கும் மடிப்போடு செய்திருக்கிறார். மன்னர் பார்த்து ஒப்புக்கொண்டுதான் அது நிற்கிறது. வெல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் மூவரும் சேர்ந்து நாயக்கர் காலத் தமிழகம் பற்றி 1992-ல் வெளியிட்ட 'சிம்பல்ஸ் ஆஃப் சப்ஸ்டன்ஸ்' புத்தகம் இதைப் போகம் என்ற கருத்தோடு சேர்க்கிறது. பழைய அரசனுக்கு வீரமும் குலமும் பெருமை. நாயக்கருக்குத் துய்ப்பதே பெருமை. அவன் உண்பான், உடுப்பான், அள்ளிக் கொடுப்பான். அரசின் செழிப்பு அரசன் உடம்பில் தெரிய வேண்டும். நல்ல விளக்கம். ஆனால் போகம் ஒன்றே போதும் என்றால் பட்டு அங்கியோடு திண்டில் சாய்ந்தபடியே செதுக்கியிருக்கலாமே. கைகூப்பியவனின் தொந்தி என்பது வேறு விஷயம். பணிவுக்காகக் கழற்றிய சட்டைதான் தொந்தியையும் சரப்பளியையும் வெளியே காட்டுகிறது. மார்ட்டனின் கறுப்பு போலவேதான். எளிமையாகத் தோன்றும் இடத்தில் செல்வம் தெரிகிறது. அவர்கள் போர்த்திக்கொண்டு செய்ததை இவர்கள் களைந்து செய்தார்கள். இதுதான் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்தது.

திருமலை நாயக்கரின் பக்கத்தில் இருக்கும் அரசியின் சிலையில் தொடையில் ஒரு வெட்டுத்தழும்பு உண்டு. அதற்கு ஊரில் இரண்டு கதை சொல்வார்கள். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. செதுக்கும்போது சில்லு தெறித்துவிட்டது, சிற்பி கலங்கினார். அமைச்சர் நீலகண்ட தீட்சிதர், இருக்கட்டும், அரசிக்கு அந்த இடத்தில் மச்சம் இருக்கும் என்றார். மன்னருக்குச் சந்தேகம் வந்தது. தீட்சிதர் தம் கண்களைத் தாமே கருக்கிக்கொண்டார் என்று கதை போகும். இரண்டாவது கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை, எனக்கு அதுதான் பிடிக்கும். அந்த அரசி தஞ்சாவூர் இளவரசி. மதுரைக்கு வந்து அரண்மனையைப் பார்த்துவிட்டு, இது எங்கப்பா வீட்டு மாட்டுத்தொழுவத்துக்குக்கூடக் காணாது என்றாராம். கோபத்தில் நாயக்கர் குறுவாளை வீச, அது தொடையில் பட்டதாம். இரண்டுமே கதைதான். முதல் கதை சிலை உடம்பை எவ்வளவு உண்மையாகக் காட்டலாம் என்று கேட்கிறது. இரண்டாவது, எவ்வளவு கட்டினாலும் பக்கத்து நாயக்கர் வீட்டோடு ஒப்பிட்டுப் பேச ஒருவர் இருப்பார் என்கிறது. சம்பந்தி வீட்டுச் சண்டை, அவ்வளவுதான். செல்வத்தைக் காட்டுகிறவர்களுக்கு எப்போதும் இருக்கும் பயத்தை ஊர்மக்கள் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் மதிப்புத் தந்த கறுப்பு மதுரையில் என்ன மதிப்புத் தந்தது? இதற்கும் சாட்சி இருக்கிறது. 1606-ல் ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்தபோது பாதிரிமார் கறுப்பு அங்கியும் தோல் செருப்பும் போட்டிருந்தார்கள். ஊரார் கண்ணில் அது பரங்கி வேடம். பரங்கி என்றால் மாடு தின்பவன், குளிக்காதவன், தீட்டு. யாரும் கிட்டே வரவில்லை. நொபிலி கறுப்பைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தினார், தோலை விட்டுப் பாதக்குறடு மாட்டினார், நெற்றியில் சந்தனம் பூசினார், கையில் தண்டும் கமண்டலமும் எடுத்தார், பூணூலும் அணிந்தார். சகபாதிரியார்களே புகார் எழுதினார்கள். வழக்கு ரோம் வரை போய், 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி அந்த உடைக்கு அனுமதி கொடுத்தார். திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்த அதே ஆண்டு. துணியின் விலை ஊருக்கு ஊர் மாறுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. பின்னால் 1705-ல், மதுரைப் பட்டுநூல்காரர்களான சௌராஷ்டிரர்கள் உபாகர்மம் செய்து பூணூல் அணியலாமா என்ற சச்சரவு ராணி மங்கம்மாளிடம் வந்தது. செய்யலாம் என்று சாசனம் கொடுத்தார். நாட்டுக்கே பட்டு நெய்து கொடுத்தவர்களுக்குத் தம் தோளில் ஒரு நூலுக்கு அரச உத்தரவு தேவைப்பட்டது.

இரண்டு ஊருக்கும் இடையில் கப்பல்கள் போய்வந்துகொண்டே இருந்தன. 1640-களில் டச்சுக் கம்பெனி திருமலை நாயக்கரின் அனுமதியோடு காயல்பட்டினத்தில் இறங்கியது. 1658-ல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தது. அதிலிருந்து முத்துக்குளிப்பிலும் சங்குக்குளிப்பிலும் கம்பெனிக்குப் பங்கு, துணிக் கொள்முதலும் அவர்களிடம். நீருக்குள் மூச்சடக்கி மூழ்கிய பரதவர்கள் எடுத்த முத்து சுற்றிவளைத்து யார் கழுத்துக்கெல்லாமோ போனது. டச்சுப் படங்களில் முத்து இல்லாத சீமாட்டியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதிலும் எல்லாம் அசல் இல்லை. வெர்மீர் 1665-ஐ ஒட்டி வரைந்த முத்துக்காதணிப் பெண்ணின் காதில் தொங்குவது முத்தாக இருக்க முடியாத அளவு பெரிது, கண்ணாடியோ தகரமோ என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கவரிங் நகைக்கு அங்கேயும் மார்க்கெட் இருந்திருக்கிறது!

துணியும் போனது. சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயம் தோய்த்த பூத்துணி டச்சு வீடுகளில் பைத்தியம் மாதிரிப் பரவியது. படித்த கனவான்கள் வீட்டில் தொளதொளவென்று போட்டுக்கொள்ளும் ஒரு நீண்ட அங்கிக்கு ஜப்பானிய அங்கி என்று பெயர். ஜப்பானிலிருந்து வந்தது கொஞ்சம்தான். மீதிக்கு நம் கரைத் துணியை அதே வெட்டில் தைத்துக்கொண்டார்கள். அந்த அங்கியோடு, பக்கத்தில் உலக உருண்டையும் புத்தகமுமாக, படம் வரைந்துகொள்வது ஒரு தனி மோஸ்தராகவே ஆனது. அறிவாளி, அவசரமில்லாதவன், ஆனால் கீழைநாட்டுச் சரக்கு வாங்க வசதியுள்ளவன் என்று அர்த்தம். மார்ட்டன் வீட்டுச் சர்க்கரையின் கதை இன்னும் கசப்பு. பிரேசில் தோட்டங்களில் அடிமைகள் வெட்டிய கரும்பு அது. 2021-ல் ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் அடிமை முறை பற்றிய தன் கண்காட்சியில் ஓப்யென் படத்தையும் சேர்த்தது. லேஸுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று சுவரிலேயே எழுதி வைத்தார்கள். புது மண்டபத்துத் தூண்களில் எழுதுவதற்கும் நிறைய இருக்கும்.

நாயக்கர் ஆட்சி போய், கம்பெனி ஆட்சி வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் போட்டோ ஸ்டூடியோவும் வந்தது. அதற்குப் பிறகு நம்மூர்ப் பெரிய மனிதர் படங்களில் வெற்று மார்பு காணாமல் போகிறது. செட்டிநாட்டு வீடுகளின் முகப்பில் மாட்டியிருக்கும் முன்னோர் படங்களைப் பாருங்கள். மூடிய கழுத்துக் கோட்டு, அதன்மேல் அங்கவஸ்திரம், தலைப்பாகை, சட்டைப் பையிலிருந்து வழியும் கடிகாரச் சங்கிலி, நெற்றியில் பட்டையாக விபூதி. கோட்டு இல்லாதவர்களுக்கு ஸ்டூடியோவிலேயே ஒரு கோட்டும் மேஜைமேல் வைக்கப் புத்தகமும் இருக்கும். எத்தனையோ தாத்தாக்கள் வாழ்நாளில் ஒரே ஒருமுறை, பத்து நிமிஷம், யாரோ ஒருவரின் கோட்டைப் போட்டுக்கொண்டு நிரந்தரமாகிவிட்டார்கள். சட்டையில்லாத உடம்புக்கு இப்போது ஒரே அர்த்தம், இல்லாதவன்.

அந்த அர்த்தம் வந்த பிறகுதான் காந்தி மதுரைக்கு வருகிறார். 1921 செப்டம்பர். ரயிலில் வரும்போது அந்நியத் துணியை விடச் சொல்லிப் பேசுகிறார். கதர் வாங்கக் காசு ஏது என்று கேட்கிறார்கள். மேல மாசி வீதியில் ஒரு மாடி வீட்டில் தங்குகிறார். 22-ஆம் தேதி காலையில் முழங்காலுக்கு மேல் நிற்கும் ஒற்றைத் துண்டோடு இறங்கி வருகிறார். அன்று அவர் முதலில் பேசிய இடத்துக்கு இன்றும் காந்தி பொட்டல் என்று பெயர். அக்டோபர் 31 வரைக்கும்தான் என்று முதலில் அறிவித்தார், அப்புறம் கடைசிவரை அதுவே. கழற்றியவற்றில் தொப்பியும் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உலகமே காந்தித் தொப்பி என்று சொல்வதைக் காந்தி மதுரையில் விட்டுவிட்டார். நாயக்கர்கள் சட்டையைக் கழற்றிக் குல்லாயை வைத்துக்கொண்டார்கள். இவர் இரண்டையும் கழற்றினார். மேல மாசி வீதியிலிருந்து புது மண்டபத்துக்குக் கோயிலைச் சுற்றி நடந்து போய்விடலாம். அதே வெற்று மார்பு, அதே ஊர், முந்நூறு ஆண்டுக்குள் பொருள் தலைகீழ். சுடப்பட்டபோது அவர் உடம்பில் இருந்த ரத்தக்கறை படிந்த துணி மதுரைக் காந்தி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கட்டடம் ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை.

காந்தியின் வெள்ளைக் கதரைக் கட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டதும், அது மறுபடி மார்ட்டனின் கறுப்பாக மாறியதும் நாம் கண்ணால் பார்த்தது. மதுரையில் எந்த முக்கில் நின்றாலும் ஒரு பிளெக்ஸ் போர்டு தெரியும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்ட விறைப்பு, மடிப்புக் கலையாத கை. பார்க்க எளிமை. அந்த வெள்ளையைப் புழுதி படாமல் நாள் முழுக்க வைத்திருக்க ஏசி கார் வேண்டும், துவைக்க ஆள் வேண்டும், ஒருநாளைக்கு இரண்டு செட் வேண்டும். மெல்லிய பாலியெஸ்டர் சட்டைப் பைக்குள் தலைவர் படம் தெரியும். மணிக்கட்டில் மட்டும் தங்கக் காப்பு. குல்லாயை விடாத மாதிரி.

இதுவரை சொன்னவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒன்று. உடுத்துவதையும் களைவதையும் தாங்களே முடிவு செய்தார்கள். நாயக்கர் சட்டையைக் கழற்றினால் பக்தி, காந்தி கழற்றினால் தியாகம். போட்டுக்கொள்ள உரிமை இருப்பவன் கழற்றும்போதுதான் அது கழற்றுவதாகும்.

காந்தி மதுரையில் சட்டையை விட்டு ஒன்பது ஆண்டு கழிந்து, 1930 டிசம்பரில், பக்கத்து ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தம் சாதி பற்றிய புத்தகத்தில் அந்தப் பட்டியலைக் கொடுத்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் துணி முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் போகக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை ரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்களுக்குக் குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, ஆடுமாடுகள் போயின. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. குழந்தைகள் படிக்கக் கூடாது என்பதும் அதில் சேர்ந்தது.

இந்தப் பட்டியலை ஒரு சித்திரமாக யோசித்துப் பாருங்கள். இடுப்புக்கு மேலே துணியில்லாத ஆண், இடுப்பிலிருந்து முழங்கால்வரை ஒரு துண்டு. கிட்டத்தட்டப் புது மண்டபத்துத் தூணில் இருக்கும் உருவம், நகையையும் குல்லாயையும் மட்டும் எடுத்துவிட்டால். விதித்தவர்களுக்கு உடையின் மொழி ரொம்ப நன்றாகத் தெரிந்திருக்கிறது. குடை, செருப்பு, மஞ்சள் என்று ஒவ்வொன்றாக எண்ணி எடுத்திருக்கிறார்கள். ஒரு டச்சு ஓவியர் படத்தில் எதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பாரோ, அதே கவனத்தோடு.

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் அம்பேத்கர் சிலைகள் நிறைய. பல சிலைகளுக்கு இரும்புக் கம்பிக் கூண்டு போட்டிருக்கிறார்கள். சிமெண்டில் செய்து பெயிண்ட் அடித்தவைதான் அதிகம், ரெம்பிராண்டோ நாயக்கர் காலத்து ஆசாரியோ அல்ல, உள்ளூர்க் கொத்தனார் செய்தவையும் உண்டு. முகச்சாடை சில இடங்களில் சரியாக வராது. கோட்டு சரியாக வந்திருக்கும். நீலம், முழுக்கை, மார்பில் இரண்டு மடிப்புக் கழுத்து, உள்ளே வெள்ளைச் சட்டை, டை, பொத்தான்கள் எண்ணிக்கை தவறாமல், மேல் பையில் பேனா, கையில் புத்தகம், காலில் கறுப்பு ஷூ. ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரல் 14-க்கு முன்னால் கூண்டைத் திறந்து புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். ஷூவுக்கும் அடிப்பார்கள்.